கல்யாண வீடியோவுக்கு எத்தனை பிரேம்? மண்டபத்து விளக்கைக் கேளுங்கள்!

வீட்டில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. ஸ்டுடியோக்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. அவர் ஒரு பக்கம் எடுக்கட்டும், நாமும் ஒரு கேமராவில் எடுத்து, புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் நாமே எடிட் செய்து பார்க்கலாம் என்று உங்களுக்கு ஆசை. சித்தப்பா மகனிடம் நல்ல கேமரா ஒன்று இருக்கிறது. மாமாவிடம் புது போன். எல்லாம் சரி. கேமராவை ஆன் செய்து மெனுவைத் திறந்தால் 24, 25, 30, 50, 60, 100, 120 என்று எண்கள் வரிசையாக நிற்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது?

எண் பெரிதானால் தரமும் பெரிதாகும் என்று நினைத்துப் பலர் 60ஐத் தேர்ந்தெடுக்கிறார்கள். இன்னும் பலர் கேமராவில் ஏற்கெனவே என்ன இருந்ததோ அதையே விட்டுவிடுகிறார்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர் மண்டபத்தில் எடுக்கும் கல்யாண வீடியோவுக்கு 25. ஸ்லோ மோஷன் தேவைப்படும் காட்சிகளுக்கு 50 அல்லது 100. மண்டபத்துக்குள் 30, 60, 120 ஆகிய மூன்றையும் கூடியவரை தவிர்க்கவும். இதற்கான காரணத்தைக் கேமராவின் கையேட்டில் தேடினால் கிடைக்காது. மண்டபத்துக்கு வரும் மின்சாரத்தில் தேட வேண்டும்.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன?

வீடியோ என்பது ஒன்றன்பின் ஒன்றாக வேகமாகக் காட்டப்படும் போட்டோக்களின் வரிசைதான். ஒரு விநாடிக்கு எத்தனை போட்டோ என்ற கணக்கே பிரேம் ரேட். சினிமா பேசத் தொடங்கிய 1920களின் இறுதியில், ஒலியும் ஒளியும் சேர்ந்து ஓட வேண்டும் என்பதற்காக விநாடிக்கு 24 பிரேம் என்று நிலைப்படுத்தினார்கள். டிவி வந்தபோது இன்னொரு சிக்கல். மின்சாரத்தின் அலைவுக்கும் படத்தின் வேகத்துக்கும் ஒத்துப்போகாவிட்டால் திரையில் பட்டைகள் ஊர்ந்தன. எனவே 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகள் அதில் பாதியான 25 பிரேமையும், 60 ஹெர்ட்ஸ் உள்ள அமெரிக்கா 30 பிரேமையும் வைத்துக்கொண்டன. கலர் டிவிக்காக 1953இல் அமெரிக்கர்கள் அந்த 30ஐச் சற்றே குறைத்து 29.97 ஆக்கினார்கள். இன்று உங்கள் கம்ப்யூட்டரில் 29.97 என்ற விநோதமான எண்ணைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். அது அந்தக் காலத்து மிச்சம்.

நம் நாட்டில் 1982இல் தூர்தர்ஷன் கலர் ஒளிபரப்பைத் தொடங்கியது. அது பின்பற்றியது 25 பிரேம் முறையை. கேமரா மெனுவில் பிஏஎல் என்ற மூன்று எழுத்தில் இருக்கும். கடைக்காரர்கள் சுருக்கமாகப் "பால்" என்பார்கள். அமெரிக்க முறையின் பெயர் என்டிஎஸ்சி. நம் வீடுகளில் இருந்த வீடியோ காசெட், பிறகு வந்த விசிடி, டிவிடி எல்லாமே பால் முறைக்காரர்கள்தான். அன்றைய ஸ்டுடியோக்காரருக்கு இந்தக் கேள்வியே எழவில்லை. இங்கே விற்ற மினி டிவி கேமராவில் 25 மட்டுமே இருந்தது. பட்டனை அழுத்தினார், எடுத்தார், முடிந்தது.

போட்டோ கேமராவில் வீடியோ எடுக்கும் வசதி வந்தபிறகுதான் குழப்பம் ஆரம்பித்தது. 2008இல் வந்த கேனன் 5டி மார்க் 2 கேமராவில் முதலில் 30 பிரேம் மட்டுமே இருந்தது. 24, 25 இரண்டையும் 2010 மார்ச்சில் வந்த பர்ம்வேர் அப்டேட் மூலம்தான் சேர்த்தார்கள். அதற்குப் பின் கைக்கு வந்த செல்போன்கள் பெரும்பாலும் 30, 60 என்ற அமெரிக்கக் கணக்கையே கொண்டுவந்தன. மண்டபத்து மின்சாரமோ அன்றும் இன்றும் 50 ஹெர்ட்ஸ்தான்.

விளக்கு துடிக்கிறது, நமக்குத் தெரிவதில்லை

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். நம் வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைகிறது. ஒவ்வொரு அலைவிலும் மேலே ஒரு உச்சம், கீழே ஒரு உச்சம். இரண்டு உச்சத்திலும் விளக்கு பிரகாசமாகும், இடையில் மங்கும். ஆக, விளக்கு விநாடிக்கு 100 முறை துடிக்கிறது. நம் கண்ணுக்கு இது தெரியாது. கேமராவுக்குத் தெரியும்.

இப்போது ஒரு சின்ன வகுத்தல். 100ஐ 25ஆல் வகுத்தால் மிகச் சரியாக 4. ஒரு பிரேமுக்கும் அடுத்த பிரேமுக்கும் இடையில் விளக்கு சரியாக நான்கு முறை துடிக்கிறது. ஒவ்வொரு பிரேமும் விளக்கை ஒரே நிலையில்தான் சந்திக்கிறது. எனவே எல்லா பிரேமிலும் ஒரே வெளிச்சம். 100ஐ 50ஆல் வகுத்தால் 2. அதுவும் சரி. ஆனால் 30ஆல் வகுத்துப் பாருங்கள். 3.33 வரும். முதல் பிரேம் விளக்கை உச்சத்தில் பிடித்தால் அடுத்தது இறக்கத்தில் பிடிக்கும், அதற்கடுத்தது வேறொரு இடத்தில். மூன்று பிரேமுக்கு ஒருமுறை இந்தச் சுற்று திரும்பத் திரும்ப வரும். விநாடிக்கு 10 முறை படம் மினுமினுக்கும். சில கேமராக்களில் மினுமினுப்புக்குப் பதிலாக மங்கலான பட்டைகள் திரையில் மேலும் கீழும் ஊரும். கேமராவின் சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதுதான் இதற்குக் காரணம்.

"எங்கள் அக்கா கல்யாண காசெட்டில் இப்படி எதுவும் இல்லையே" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அப்போது கேமராமேனுக்குப் பின்னால் ஒருவர் ஹாலஜன் லைட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வருவார், ஞாபகம் இருக்கிறதா? மணமக்கள் வியர்த்துக் கொட்டுவார்கள். அந்த விளக்கில் இருப்பது சூடேறி ஒளிரும் இழை. நூறில் ஒரு பங்கு விநாடியில் அது குளிர்ந்துவிடாது. ஆகவே துடிப்பு மிகக் குறைவு. கேமராவும் 25இல் ஓடியது. இன்று மேடையைச் சுற்றி எல்இடி பல்புகள், சீரியல் செட்டுகள், பின்னால் எல்இடி திரை. நல்ல எல்இடி விளக்கில் மின்சாரத்தைச் சீராக்கும் சர்க்யூட் இருக்கும், துடிப்பு தெரியாது. மலிவான விளக்கில் அந்தச் செலவைத்தான் முதலில் குறைக்கிறார்கள். எல்இடிக்கு இழையும் கிடையாது, சூட்டைப் பிடித்துவைக்கும் பழக்கமும் கிடையாது. மின்சாரம் இறங்கிய மாத்திரத்தில் அணைந்து, ஏறியதும் எரியும். பழைய சோக் வைத்த டியூப் லைட்டும் ஏறக்குறைய இதே ரகம்தான்.

என்னுடன் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் தன் தங்கையின் கல்யாண வீடியோவை ஹார்ட் டிஸ்கில் கொண்டுவந்தார். ஏதோ பைல் கெட்டுவிட்டது, சரிசெய்ய முடியுமா என்பது அவர் கேள்வி. பைலில் ஒரு குறையும் இல்லை. ஸ்டுடியோவிலிருந்து வந்தவர்கள் இரண்டு கேமரா வைத்திருந்தார்கள். நிலையாக வைத்தது 25இல் ஓடியிருக்கிறது. கையில் பிடித்துச் சுற்றிவந்தது 60இல். மாப்பிள்ளை தாலியை எடுத்துக் கழுத்தருகே கொண்டுபோகும் நேரத்தில் எடிட்டர் கையிலிருந்த கேமராவின் காட்சிக்கு மாறியிருக்கிறார். பெண்ணின் முகம் அருமையாக விழுந்திருக்கிறது. ஆனால் பின்னாலிருந்த அலங்கார விளக்குகளும், அந்த வெளிச்சம் விழுந்த அப்பா அம்மா முகங்களும் படபடவென்று துடிக்கின்றன. மூன்று முடிச்சும் முடியும்வரை அப்படியே. நண்பரின் அம்மாவுக்கு அதைப் பார்த்தால் தலைவலி வருகிறதாம். ஸ்டுடியோவில் கேட்டதற்கு, "கேமரா வாங்கினதிலிருந்து அந்த செட்டிங்லதான் சார் இருக்கு" என்று பதில்.

மினுமினுப்பைக் குறைக்கும் டிஃப்ளிக்கர் வசதி சில எடிட்டிங் சாப்ட்வேர்களில் உண்டு. டாவின்சி ரிசால்வின் விலை கொடுத்து வாங்கும் பதிப்பில் இருக்கிறது. இலவசப் பதிப்பில் இல்லை. அது லேசான மினுமினுப்பை நன்றாகவே சமாளிக்கும். ஊரும் பட்டைகள், ஒரே காட்சியில் ஒரு விளக்கு துடித்து இன்னொன்று துடிக்காமல் இருப்பது போன்றவற்றில் பாதிக் கிணறுதான் தாண்டும். முகூர்த்தத்தை மறுபடி வைத்து எடுக்க முடியாது என்பதால், எடுக்கும் முன்பே கவனிப்பது நல்லது.

ஷட்டரையும் கூடவே கவனிக்க வேண்டும்

பிரேம் ரேட்டை மட்டும் 25 என்று வைத்துவிட்டு ஷட்டர் ஸ்பீடை ஆட்டோவில் விட்டால் பாதி வேலைதான் முடிந்தது. ஷட்டர் ஸ்பீடு என்பது ஒவ்வொரு பிரேமும் எவ்வளவு நேரம் வெளிச்சத்தை வாங்குகிறது என்பது. 25 பிரேமுக்கு 1/50 விநாடி வையுங்கள். அந்த நேரத்தில் விளக்கு சரியாக இரண்டு முறை துடித்து முடிக்கும். அரைகுறைத் துடிப்பு எதுவும் பிரேமுக்குள் மாட்டாது. 50 பிரேமுக்கு 1/100. அதில் சரியாக ஒரு துடிப்பு. கை கால் அசைவும் இந்த அளவுகளில்தான் கண்ணுக்கு இயல்பாகத் தெரியும். ஆட்டோவில் விட்டால் பிரகாசமான மேடையைப் பார்த்ததும் கேமரா 1/500க்குத் தாவிவிடும். அப்போது 25 பிரேமிலும் பட்டை விழும்.

இதிலிருந்து இன்னொரு வழியும் கிடைக்கிறது. உங்கள் கேமராவிலோ போனிலோ 25 இல்லவே இல்லை, 30 மட்டும்தான் இருக்கிறது என்றால் கவலை வேண்டாம். ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு பிரேமும் முழுத் துடிப்புகளையே வாங்கிக்கொள்வதால் 30இலும் மினுமினுப்பு வராது. 60 பிரேம் என்றால் 1/100. ஆனால் ஷட்டரை நம் விருப்பப்படி நிறுத்தும் வசதி இருக்க வேண்டும். அது இல்லாத சாதனத்தில் 30 பிரேம் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

"24 வைத்தால் சினிமா மாதிரி இருக்குமாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. 24க்கும் 25க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் கண்டுபிடிப்பவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. சினிமா மாதிரித் தெரிவதற்கு லென்சும் வெளிச்சமும் காரணம். 25ஐயே வையுங்கள்.

இதையெல்லாம் முதல் நாள் மாலை ரிசப்ஷனிலேயே சோதித்துவிடலாம். போனில் ஸ்லோ மோஷன் மோடை ஆன் செய்து மேடை விளக்குகளை ஒரு பத்து விநாடி எடுத்துப் பாருங்கள். துடிக்கும் விளக்கு எது, துடிக்காதது எது என்று பளிச்சென்று தெரிந்துவிடும். முகூர்த்த நேரத்தில் எந்த சீரியல் செட்டை அணைக்கச் சொல்லலாம் என்று டெக்கரேஷன்காரரிடம் அப்போதே பேசிக்கொள்ளலாம். பின்னால் நிற்கும் எல்இடி திரை மட்டும் தனிக்கதை. அது மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸுக்குக் கட்டுப்படாமல் தனக்கென்று ஒரு வேகத்தில் புதுப்பித்துக்கொள்ளும். கேமராவில் கோடு தெரிந்தால் ஷட்டரைச் சிறிது சிறிதாக மாற்றிப் பார்ப்பதுதான் வழி.

மண்டபத்தில் கரண்ட் போனால்? ஜெனரேட்டர் ஓடும். நான்கு துருவ ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றினால்தான் 50 ஹெர்ட்ஸ் கிடைக்கும். ஏசியும் சமையல்கட்டு மோட்டாரும் ஒன்றாகச் சேர்ந்து லோடு ஏறும்போது சுற்று கொஞ்சம் தளரும். அலைவும் சற்று மாறும். அப்போது 25லும் மெல்லிய மினுமினுப்பு வரலாம். மணமக்களுக்கு அருகில் பேட்டரியில் இயங்கும் நல்ல எல்இடி வீடியோ லைட் ஒன்றை வைத்திருந்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

கேமராவில் 25 தெரியவில்லையா?

மெனுவில் 24, 30, 60, 120 மட்டும் தெரிகிறதா? உங்கள் கேமரா என்டிஎஸ்சியில் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கிவந்த கேமராவில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். சோனியில் "என்டிஎஸ்சி/பால் செலக்டர்" என்றும், கேனனில் "வீடியோ சிஸ்டம்" என்றும், பானாசோனிக்கில் "சிஸ்டம் பிரீக்வென்சி" என்றும் ஒரு மெனு இருக்கும். பாலுக்கு மாற்றினால் (பானாசோனிக்கில் 50 ஹெர்ட்ஸ்) கேமரா ஒருமுறை ஆப் ஆகி ஆன் ஆகும். பிறகு 25, 50, 100 தெரியும். ஓர் எச்சரிக்கை. பல சோனி மாடல்களில் இப்படி மாற்றினால் மெமரி கார்டை பார்மட் செய்யச் சொல்லும். கார்டில் நிச்சயதார்த்தப் படங்கள் இருந்தால் முதலில் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்துவிட்டு மாற்றுங்கள். முகூர்த்தத்தன்று காலையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

ஸ்லோ மோஷன் எங்கே, எப்போது?

50 பிரேமில் எடுத்ததை 25இல் ஓட்டினால் பாதி வேகம். 100இல் எடுத்ததை ஓட்டினால் கால் வேகம். அட்சதை பறப்பது, மாலை மாற்றும்போது பெண்ணை மாமா தூக்க மாப்பிள்ளை எட்டிப் பார்ப்பது, ஊஞ்சலில் சுற்றிப்போடும் பச்சைப்பிடி, குழந்தைகள் ஓடுவது ஆகியவை இதற்குப் பொருத்தம். மண்டபத்துக்குள் 120க்குப் பதில் 100ஐத் தேர்ந்தெடுங்கள். விளக்கும் 100, கேமராவும் 100. 120இல் எடுத்தால் சாதாரண வேகத்தில் தப்பித்துவிடும் மினுமினுப்புகூட ஸ்லோ மோஷனில் நீட்டி முழக்கிக் காட்டப்படும். வெயிலில், மண்டபத்து வாசலில், மாப்பிள்ளை அழைப்பு பகலில் நடந்தால் எந்த எண்ணும் வைக்கலாம். சூரியனுக்குத் துடிப்பு இல்லை.

தாலி கட்டும் காட்சிக்கு ஸ்லோ மோஷன் மோடு வேண்டாம் என்பது என் கட்சி. பல கேமராக்களில் ஸ்லோ மோஷனுக்கென்று இருக்கும் தனி மோடில் ஒலி பதிவாகாது. சோனியின் எஸ் அண்ட் க்யூ மோடு அப்படித்தான். கெட்டிமேளம் கொட்டும் அந்த ஒரு நிமிடத்தில் தவிலும் நாதஸ்வரமும் இல்லாமல் மௌனப்படம் கிடைத்தால் என்ன செய்வீர்கள்? பிரதான கேமரா 25இல், ஒலியோடு ஓடிக்கொண்டே இருக்கட்டும். இரண்டாவது கேமரா இருந்தால் அதைச் சாதாரண மோடில் 50 பிரேமில் வையுங்கள். ஒலியும் பதிவாகும், பிறகு கம்ப்யூட்டரில் வேண்டிய இடத்தை மட்டும் பாதி வேகமாக்கலாம். மற்ற இடங்களில் ஒன்று விட்டு ஒரு பிரேமை எடுத்துக்கொண்டு 25ஆக ஒழுங்காக ஓடும்.

அப்படியானால் எல்லாவற்றையுமே 50இல் எடுத்துவிடலாமே? எடுக்கலாம், விலை கொடுக்க வேண்டும். முதல் விலை வெளிச்சம். 1/100 ஷட்டரில் 1/50இல் கிடைப்பதில் பாதி வெளிச்சமே உள்ளே வரும். அதிகாலை நாலரை மணி முகூர்த்தத்தில், கோயில் மண்டபத்தின் மங்கலான விளக்கில், அந்தப் பாதி மிகப் பெரிய இழப்பு. கேமரா ஐஎஸ்ஓவை இரட்டிப்பாக்கும். கறுப்புக் கோட்டிலும் கூந்தலிலும் புள்ளிப்புள்ளியாக நாய்ஸ் தெரியும். இரண்டாவது விலை இடம். கேமராவில் 4கே 25 பிரேமை விநாடிக்கு 100 மெகாபிட் என்ற அளவில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. 50 பிரேமை 200 மெகாபிட்டில் பதிவு செய்தால் 90 ஜிபி. நான்கு மணி நேரம் எடுத்தால் 360 ஜிபி. புது லேப்டாப்பில் 512 ஜிபி டிஸ்க் இருக்கிறதே என்பீர்கள். விண்டோஸ், சாப்ட்வேர்கள் போக மிச்சம் எவ்வளவு என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். எடிட் செய்யவும் இடம் வேண்டும். இன்னொரு ஹார்ட் டிஸ்கில் ஒரு காப்பியும் வேண்டும். வீட்டில் பார்ப்பதற்கு புல் எச்டியே தாராளம்.

போனில் எடுப்பவர்களுக்கு

ஐபோனில் செட்டிங்ஸ், கேமரா, ரெக்கார்ட் வீடியோ என்று சென்றால் "ஷோ பால் பார்மட்ஸ்" என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. ஆன் செய்தால் 25 பிரேம் பட்டியலில் வந்துவிடும். அதே பக்கத்தில் "ஆட்டோ எப்பிஎஸ்" என்பதை ஆப் செய்துவிடுங்கள். இல்லையென்றால் இருட்டான இடத்தில் போனே பிரேம் ரேட்டைக் குறைத்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டு போன்களில் கம்பெனிக்குக் கம்பெனி மெனு மாறும். பலவற்றில் 30, 60 மட்டுமே இருக்கும். ப்ரோ வீடியோ மோடு இருந்தால் அதில் ஷட்டரை 1/50இல் நிறுத்துங்கள். இல்லையென்றால் பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவச ஆப் இருக்கிறது. ஐபோனுக்கு 2023இலும் ஆண்ட்ராய்டுக்கு 2024இலும் வந்தது. எல்லா ஆண்ட்ராய்டு போனிலும் வேலை செய்யாது. உங்கள் போனில் இன்ஸ்டால் ஆனால் பிரேம் ரேட்டையும் ஷட்டரையும் அதில் நீங்களே நிர்ணயிக்கலாம்.

போன் வீடியோவில் இன்னொரு சங்கதி ஒளிந்திருக்கிறது. 30 என்று போட்டிருந்தாலும் அது எப்போதும் 30இல் ஓடுவதில்லை. வெளிச்சம் குறைந்தால், போன் சூடானால், ஒரு விநாடி 30, அடுத்த விநாடி 28 என்று ஏறி இறங்கும். போனிலேயே பார்க்கும்போது பிரச்சினை இல்லை. எடிட்டிங் சாப்ட்வேரில் போட்டால் ஒலி கொஞ்சம் கொஞ்சமாக விலகலாம். முதல் நிமிடத்தில் சரியாக இருந்த தவில், இருபதாவது நிமிடத்தில் குச்சி பட்ட பிறகு தாமதமாக ஒலிக்கும்.

கம்ப்யூட்டரில் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் உங்களிடம் வந்துள்ள பைல்கள் எந்தெந்த ரேட்டில் இருக்கின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள். விண்டோஸில் வீடியோ பைல் மீது ரைட் கிளிக் செய்து ப்ராபர்ட்டீஸ் செல்லுங்கள். டீடெயில்ஸ் டேபில் "பிரேம் ரேட்" என்ற வரி இருக்கும். 25.00 என்றோ 50.00 என்றோ இருந்தால் நல்லது. 29.87 போன்ற இரண்டுங்கெட்டான் எண் இருந்தால் அது ஏறி இறங்கும் வகை என்று சந்தேகப்படுங்கள். மீடியாஇன்ஃபோ என்ற இலவச சாப்ட்வேரில் அந்தப் பைலைத் திறந்தால் "பிரேம் ரேட் மோட்" என்ற இடத்தில் கான்ஸ்டன்ட் அல்லது வேரியபிள் என்று தெளிவாகச் சொல்லிவிடும். வேரியபிள் என்று வந்தால் ஹேண்ட்பிரேக் என்ற இன்னொரு இலவச சாப்ட்வேரில் பைலைத் திறந்து, வீடியோ டேபில் பிரேம் ரேட் 30, அருகில் "கான்ஸ்டன்ட் பிரேம்ரேட்" என்று தேர்ந்தெடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். மூலப் பைலை அழித்துவிடாதீர்கள். உறவினர்களிடமிருந்து வீடியோ வாங்கும்போது வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பச் சொல்லாமல் டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். சுருங்காமல் வந்து சேரும்.

அடுத்தது எடிட்டிங் ப்ராஜெக்டின் ரேட். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பை எடுத்துக்கொண்டால், கீழே வலது மூலையில் உள்ள பல்சக்கர ஐகானைக் கிளிக் செய்து மாஸ்டர் செட்டிங்ஸில் "டைம்லைன் பிரேம் ரேட்" என்பதை 25 ஆக்குங்கள். இதை ஒரு கிளிப்பைக்கூட உள்ளே கொண்டுவரும் முன் செய்ய வேண்டும். கிளிப்புகள் வந்தபிறகு அந்த எண்ணை மாற்ற விடாது. முதல் கிளிப்பாக மாமாவின் போன் வீடியோவைப் போட்டால், ப்ராஜெக்டை 30க்கு மாற்றவா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

30இல் எடுத்ததை 25 டைம்லைனில் போட்டால் என்ன ஆகும்? ஒவ்வொரு ஆறு பிரேமிலும் ஒன்றைத் தூக்கி எறிந்துவிடும். பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் காட்சியில் யாருக்கும் தெரியாது. பந்தி வரிசையில் கேமராவை மெதுவாகத் திருப்பியிருந்தால் நொண்டியடிப்பது தெரியும். ஆகவே போனில் 30இல் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: போனை அசைக்காமல் பிடித்து எடுக்கட்டும்.

இன்று யாரும் பழைய டிவியில் பார்ப்பதில்லையே, போனும் மானிட்டரும் 60 ஹெர்ட்ஸ்தானே, பிறகு எதற்கு 25 என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். உண்மைதான். 60 ஹெர்ட்ஸ் திரையில் 25 பிரேம் சமமாகப் பங்கிடப்படாது. சில பிரேம் இரண்டு முறை, சில மூன்று முறை காட்டப்படும். கேமராவை வேகமாகத் திருப்பிய காட்சிகளில் சிறு அதிர்வாகத் தெரியலாம். 24 பிரேம் சினிமாவைக் கம்ப்யூட்டரில் பார்க்கும்போதும் இதே கதைதான், யாரும் எழுந்துபோவதில்லை. முகத்தில் விளக்கு துடிப்பதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. பார்க்கும் திரை பத்து ஆண்டுகளில் பலமுறை மாறும். அன்று எரிந்த விளக்கின் வெளிச்சம் பைலில் பதிந்தது பதிந்ததுதான்.

இந்தக் கணக்கு முழுவதும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு. இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன், துபாய் எல்லாம் நம்மைப்போல 50தான். அமெரிக்காவிலோ கனடாவிலோ கல்யாணம் என்றால் அங்கே 60 ஹெர்ட்ஸ். விளக்கு விநாடிக்கு 120 முறை துடிக்கும். அங்கே 30, 60, 120தான் சரி. ஷட்டர் 1/60, 1/120. சவூதியிலும் 60 ஹெர்ட்ஸ்தான். டொரான்டோவில் எடுத்த கேமராவோடு நேரே மதுரைக் கல்யாணத்துக்கு வந்திறங்கும் அண்ணனிடம், மாலையில் காபி கொடுக்கும்போதே கேமராவை வாங்கிப் பாலுக்கு மாற்றிவிடுங்கள்.

ஸ்டுடியோக்காரரிடம் பேசும்போது ஆல்பத்தில் எத்தனை பக்கம் என்று கேட்பதோடு, "எல்லாக் கேமராவும் 25லயா வைக்கிறீங்க? ட்ரோன், கையில வெச்சு எடுக்கிறது எல்லாமேவா? ஷட்டர் ஐம்பதுல நிக்குமா?" என்றும் கேட்டுவையுங்கள். விஷயம் தெரிந்தவர் சந்தோஷமாகவே பதில் சொல்வார். எடிட் செய்யாத மூலப் பைல்களையும் ஹார்ட் டிஸ்கில் தரவேண்டும் என்று அட்வான்ஸ் கொடுக்கும்போதே பேசிக்கொள்ளுங்கள். எடிட் செய்து முடித்ததும் அவற்றை அழித்துவிட்டு அடுத்த முகூர்த்தத்துக்குக் கார்டைத் தயார் செய்வது ஸ்டுடியோக்களின் வழக்கம்.